துடக்கும் சொட்டு மருந்தும்

என் மூத்தவளின் வலக்கையைக் கண்டவர்கள் அடுத்ததாக என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். "ஏன் பிள்ளை, சின்னனிலை சொட்டு மருந்து குடுக்கேல்லையே?" கலியாண வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள், செத்த வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் பக்கத்தில் இருந்த, முன்பின் அறியாத ஒரு மனிசி, புத்தூர் வருவதற்குள் என்னை விபரம் தெரியாத தாய் என்று தீர்மானித்து, எனக்காக இரக்கப்பட்டு, இனிப் பிறக்கும் பிள்ளைகளையாவது கவனமாகப் பார்க்கும்படி புத்தியும் சொல்லி முடித்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்ச வழி முழுக்க யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆகவே கேட்டவர்கள், கேட்க நினைத்துக் கேளாமல் விட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். இதில் நான் அழப்போவதில்லை. மன்னிப்புக் கேட்கப்போவதும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் வேறு.

நான் கலியாணம் முடித்து வந்த ஒழுங்கை பருத்தித்துறைக் கடற்கரையில் இருந்தது. ஒரு முனையில் தார் றோட்டு, மறு முனையில் கடல். இடையில் இருந்த வீடுகள் எல்லாம் ஒரே காணியைப் பிரித்துக் கட்டியவை. இவருடைய, என் புருஷனுடைய, பாட்டனும் பாட்டனின் சகோதரர்களும் இருந்த காணி. பெரியப்பா, சித்தப்பா, அண்ணை, தம்பி என்று முழுவதும் ஒரே இரத்தம். ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் கோப்பையோடு வந்து குந்திவிடுவார்கள். புதிதாக வந்த எனக்கு யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று பிடிபடவே கனகாலம் எடுத்தது. நல்ல சனம். சண்டை பிடித்தாலும் வேலிக்கு மேலால் பிடித்துவிட்டு அன்றைக்கே கதைத்துவிடுவார்கள்.

ஆனால் இந்த ஒற்றுமைக்குள்ளே ஒரு வில்லங்கம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஆளின் இரத்த உறவு முழுவதற்கும் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் கழியும் மட்டும் கோயில் பக்கம் போகக்கூடாது, மற்றவர்களுடைய நல்ல காரியங்களுக்குப் போகக்கூடாது. பிள்ளை பிறந்தாலும் அப்படியே. வேறு ஊர்களில் சொந்தக்காரர் நாலு திக்கிலும் கலந்திருப்பதால், ஒரு துடக்கு வந்தால் இங்கே இரண்டு வீடு, அங்கே இரண்டு வீடு என்று அடங்கிவிடும். எங்களுக்கு அப்படியில்லை. ஒருவர் கண்ணை மூடினால், அல்லது ஒரு குழந்தை கண்ணைத் திறந்தால், ஒழுங்கை முழுக்க ஒரேயடியாகத் துடக்கு.

இனிக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிற கிளினிக் மாதத்துக்கு ஒருமுறை நடந்தது. எங்கே நடந்தது? கோயில் மடத்தில்.

மடம் நல்ல இடம்தான். ஓட்டுக் கூரை, சீமெந்து நிலம், பக்கத்திலே நல்ல தண்ணீர்க் கிணறு, றோட்டில் இருந்து நாலடி. சுகாதாரக் கந்தோரில் இருந்த யாரோ ஒரு உத்தியோகத்தர் வந்து பார்த்து, இதைவிட வசதியான இடம் கிடையாது என்று சந்தோஷமாகத் திரும்பிப் போயிருப்பார். அவரும் நம்முடைய ஆள், துடக்குத் தெரிந்த ஆள். ஆனால் மடம் கோயில் மதிலுக்கு உள்ளே இருக்கிறது என்பதும், மதிலுக்கு உள்ளே துடக்குக்காரர் கால் வைக்கமாட்டார்கள் என்பதும் அவருடைய மூளையில் ஒன்றோடொன்று முட்டவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் ஒரு ஆளைப் பிடித்து வாய் நிறையத் திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

என் மூத்தவளுக்கு முதற் பல் முளைத்தபோது பல்லுக்கொழுக்கட்டை அவித்தோம். பிள்ளையை இருத்தி, தலையில் வெள்ளைத் துணியைப் பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டி, முன்னால் ஒரு தட்டத்தில் பென்சில், புத்தகம், நகை, சீப்பு எல்லாம் பரப்பி வைப்பார்கள். பிள்ளை எதை எடுக்கிறதோ அது அதன் எதிர்காலமாம். என்னுடையவள் வலக்கையை நீட்டி ஒரே எட்டில் பென்சிலைப் பிடித்தாள். பிடித்ததை விடவும் மாட்டேன் என்று அழுதாள். என் மாமி, இவருடைய தாய், அந்தப் பென்சில் கதையை ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அவளுக்கு மருந்து கொடுக்க வேண்டிய மாதத்தில் இவருடைய பெரியப்பா ஒருவர் செத்தார். துடக்கு. அது கழிந்த கையோடு மூன்றாவது வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தது. கற்கண்டு கொடுத்தார்கள், நானும் வாங்கிச் சாப்பிட்டேன். மறுபடி துடக்கு. அது கழிய, படுக்கையில் கிடந்த ஒரு கிழவர் போய்ச் சேர்ந்தார். பிறப்பும் இறப்பும் எங்கள் ஒழுங்கையில் வரிசைக்கு நின்றன. ஒவ்வொரு மாதமும் கிளினிக் நடத்துகிற மருத்துவமாது சைக்கிளில் றோட்டால் போகும்போது நான் வேலிப் படலையைத் திறந்து நின்று கேட்டேன்.

"மிஸ், என்ரை பிள்ளைக்கு எப்ப?"

"துடக்கெல்லோ, தங்கச்சி. கழியட்டும். அடுத்த மாசம் கொண்டு வாருங்கோ."

அவர் பிழை சொல்லவில்லை. அவருடைய தாயும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். இருவரும் முறைப்படி நடந்தோம்.

பிறகு ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் காய்ந்தது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் கலவை மருந்து வாங்கிக் கொடுத்தோம். காய்ச்சல் விட்டது. அடுத்த நாள் விடியப் பாயில் கிடந்தவளைத் தூக்கினேன். இடக்கை என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. வலக்கை வரவில்லை. நான் அதை எடுத்து என் தோளில் வைத்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது. இளம்பிள்ளை வாதம் என்று சொன்னார்கள். அப்போது அவள் நடக்கத் தொடங்கிச் சில மாதங்கள்தான்.

கொஞ்ச நாள் செல்லச் சுகாதாரக் கந்தோரில் இருந்து ஒரு பெரிய ஐயா வந்தார். காலில் சப்பாத்து, கையில் மூக்குத் துடைக்கிற லேஞ்சி. ஒழுங்கை முனையில் கருவாடு காய்ந்துகொண்டிருந்ததால் லேஞ்சி மூக்கை விட்டு இறங்கவில்லை. இந்தக் கடற்கரைத் துண்டில்தான் ஆகக் குறைந்த பிள்ளைகள் மருந்து எடுத்திருக்கிறார்கள் என்றார். கூட வந்தவருக்குச் சொல்வதுபோல எங்களுக்குச் சொன்னார்.

"உந்தச் சனத்துக்கு விளக்கம் காணாது. எத்தினை தரம் சொன்னாலும் பிள்ளையளைக் கொண்டு வராதுகள்."

நான் மகளை இடுப்பில் வைத்தபடி முன்னுக்குப் போனேன். "ஐயா, ஒரு கேள்வி. துடக்கு நாளிலை நீங்கள் கோயிலுக்குப் போவியளோ?"

"அதென்ன கேள்வி. போறதில்லை."

"நாங்களும் போறதில்லை. கிளினிக்கைக் கொண்டுபோய்க் கோயிலுக்கை வைச்சிருக்கிறது நீங்களெல்லோ."

அவர் என்னைப் பார்த்தார், மகளின் கையைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "அதையெல்லாம் யோசிப்பம்" என்றார். யோசித்தாரோ என்னவோ, அடுத்த கிளினிக்கும் மடத்தில்தான் நடந்தது. எங்களுக்கு விளக்கம் காணாது என்று அவர் எழுதிக்கொண்டு போனது மட்டும் நிச்சயம்.

மகள் வளர்ந்தாள். மற்றப் பிள்ளைகள் இரண்டு கையாலும் ஊன்றி எழும்புவதை அவள் ஒரு கையாலும் ஒரு முழங்காலாலும் செய்யப் பழகினாள். சட்டையைப் போடுவதற்குப் பல்லால் பிடிப்பாள். சோற்றை இடக்கையால் அள்ளியபோது மாமி முதலில் கையைத் தட்டிவிட்டார். நான் மாமியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு தட்டவில்லை. வலை பொத்தும் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து நூல் கோர்த்துக் கொடுப்பாள். வருகிறவர்கள் எல்லோரும் "பாவம்" என்றார்கள். அந்தச் சொல்லை என் வீட்டுப் படலைக்குள் சொன்ன இரண்டு பேருக்கு நான் தேத்தண்ணியே கொடுக்காமல் அனுப்பியிருக்கிறேன்.

இதற்கிடையில் மகன் பிறந்தான். அவன் பிறந்த அன்றே நான் அவனுடைய கைகளைத்தான் பார்த்தேன். இரண்டும் முட்டியாகப் பொத்தியிருந்தன. இவனுடைய கையைத் துடக்குக்குக் கொடுப்பதில்லை என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். ஆருக்கும் சொல்லவில்லை.

அவனுக்கு மருந்து கொடுக்கும் மாதம் வந்தது. எங்களுடைய துடக்கு எப்போதோ கழிந்துவிட்டது. ஒழுங்கையில் ஒருவரும் சாகக் கிடக்கவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். கிளினிக்குக்கு ஒரு கிழமை இருக்க, இவருடைய தம்பியின் பெண்சாதிக்கு, மாதம் நிறையும் முன்னமே, வலி கண்டு பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை, வடிவான பிள்ளை. நான் தண்ணீர் காயவைத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். "தாயும் பிள்ளையும் சுகம்" என்று உள்ளே இருந்து குரல் வந்ததும் ஒழுங்கையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோதாரி, இனித் துடக்கு என்றுதான் மனதில் விழுந்தது. அந்தக் கிழமை வயற்பக்கத்து ஊர் ஒன்றில் இன்னொரு பிள்ளைக்குக் கால் விழுந்துவிட்டதாக மீன் விற்கப் போனவர்கள் கதை கொண்டு வந்திருந்தார்கள்.

கிளினிக் நாள் காலையில் மகனைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, பொட்டு வைத்தேன். மாமி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கை வெளிக்கிடுறாய்?"

"மடத்துக்கு."

"உனக்கென்ன விசரே. துடக்கோடை கோயில் மதிலுக்குள்ளை போறதோ?"

"மருந்து மதிலுக்குள்ளை இருக்கு, மாமி. வீட்டை கொண்டுவந்து தந்தால் நான் ஏன் போறன்."

மாமி வெளியே வந்து படலையை மறித்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "எடி பிள்ளை, அவன் கடலிலை நிக்கிறான்" என்றார். "நீ இஞ்சை கோயிலைத் துடக்காக்கிப் போட்டு வந்தால், அங்கை அவனுக்கு ஒண்டு நடந்தால், ஆர் மறுமொழி சொல்லுறது?"

இதைக் கடற்கரையில் வாழ்ந்தவர்கள்தான் விளங்கிக்கொள்வார்கள். புருஷன் கடலில் நிற்கும்போது வீட்டில் இருப்பவள் செய்கிற பிழை கடலுக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் மகள் பக்கத்தில் நின்றாள். என் சேலைத் தலைப்பை இடக்கையால் பிடித்திருந்தாள்.

"போன முறை எல்லாம் முறைப்படி செய்தனாங்கள், மாமி. சாமி என்ன தந்தது எண்டு இவளைப் பாருங்கோ. இனி நான் சாமியோடை நேரை கதைக்கிறன். விலகுங்கோ."

மாமி விலகவில்லை. நான் அவரைச் சுற்றி, வேலியில் பிள்ளைகள் புகுந்து போகிற பொட்டால் போனேன்.

வெயில் ஏறிவிட்டது. றோட்டில் நான் பிள்ளைகளோடு போவதைக் கண்டு ஒழுங்கைப் பெண்கள் சிலர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் எட்டத்தில் பின்தொடர்ந்து வந்தார்கள். மருந்துக்கு வந்தார்களோ, வேடிக்கை பார்க்க வந்தார்களோ, அவர்களுக்கே தெரிந்திருக்காது. மதில் வாசலில் கோயில் மனேச்சர் நின்றார். கெட்ட மனிதர் அல்ல. பிள்ளைகளுக்கு வருத்தம் என்றால் விபூதி போட்டுத் தலையில் கைவைத்து நேர்ந்து விடுகிறவர்.

"உங்கடை பக்கம் துடக்கெல்லோ" என்றார்.

"ஓம் ஐயா. அதுதான் வெளியிலை நிக்கிறன். மிஸ்ஸை ஒருக்கா இஞ்சை வந்து பிள்ளைக்கு மருந்தை விட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ."

மருத்துவமாதுக்கு அது கேட்டது. மடத்து வாசலுக்கு வந்தார். மனேச்சர் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். "நீங்கள் வெளியிலை போய்த் துடக்குக்காரரைத் தொட்டால் பேந்து தலை தோயாமல் உள்ளை வரேலாது. சொல்லிப்போட்டன்."

மருத்துவமாது உள்ளேயும் வெளியேயும் பார்த்தார். உள்ளே நீட்டு மர வாங்கில் வரிசையாக மற்ற ஊர்ப் பெண்கள் குழந்தைகளோடு குந்தியிருந்தார்கள். வெளியே நாங்கள். "தங்கச்சி, அடுத்த மாசம்..." என்று தொடங்கினார்.

அந்த அடுத்த மாசத்தை நான் முன்னமே கேட்டவள். மகனை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வாசலுக்குள் காலை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மணல் சுட்டது, அவ்வளவுதான். மனேச்சர் என்னைத் தொட்டு மறிக்க முடியாது, தொட்டால் அவருக்கும் துடக்கு. நான் முன்னால் போகப் போக அவர் பின்னுக்குப் பின்னுக்கு விலகினார். மடத்துக்குள் ஏறி, வாங்கில் இருந்த ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில் இருந்தேன். என் சேலை அவளில் பட்டது. அவளின் கை அடுத்தவளில் பட்டபடி இருந்தது. அப்படியே கடைசி வரைக்கும்.

"துடக்கைக் கொண்டு வந்திட்டா" என்று யாரோ சொன்னார்கள்.

"ஓம், கொண்டு வந்திட்டன்" என்றேன். "இப்ப வாங்கு முழுக்கத் துடக்குத்தான். எல்லாரும் வீட்டை போய்த் தோயத்தான் வேணும். தோயிறதுக்கு முன்னம் மருந்தைக் குடுத்து விடுங்கோ, மிஸ். இனி ஆரை ஆரிட்டையிருந்து பிரிக்கப் போறியள்?"

பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்தவள், வயற்பக்கத்து இளம் பெண், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவ சொல்லுறது சரிதானே. எப்பிடியும் தோயத்தானே வேணும். எனக்கு வெயில் உச்சிக்கு வர முன்னம் வீட்டை போக வேணும், மிஸ், கெதியாய்க் குடுங்கோ." அவள் அப்படிச் சொல்லாவிட்டால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. மருத்துவமாது ஐஸ் போட்ட பிளாஸ்க்கைத் திறந்தார்.

"பிள்ளையின்ரை கன்னத்தைப் பிடியுங்கோ" என்றார். மகன் மருந்தை விழுங்கி, முகத்தைச் சுளித்து, என்னைப் பார்த்தான். நான் எழும்பி வாசலில் நின்ற எங்கள் பெண்களைப் பார்த்துக் கத்தினேன்.

"என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறியள். வாங்கோ உள்ளை."

ஒருத்தி வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். மனேச்சர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஐயரைத் தேடிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் நான் கடற்கரைக்குப் போய் நின்றேன். மாமியும் வந்தார். எனக்குப் பக்கத்தில் நிற்காமல் எட்ட நின்றார். இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவருடைய வள்ளம் வழமையிலும் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் பட்ட பாட்டை எழுதத் தெரியவில்லை. கரைக்கு வந்தார். அன்றைக்குப் பாரை நிறைய விழுந்திருந்தது. மீனைக் கூறு போடும்போதே அவருக்குக் கதை வந்து சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு கேட்டார்.

"மடத்துக்கை ஏறினியாம்."

"ஓம்."

"மருந்து குடுத்தாச்சோ?"

"ஓம்."

"அப்ப சரி. சோத்தைப் போடு."

கோயிலில் துடக்குக் கழியப் புண்ணியதானம் செய்து, மடத்தைக் கழுவி, இனிக் கிளினிக்குக்கு மடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவமாது படலையில் சைக்கிளை நிறுத்தினார். முகத்தில் கோபம். "உம்மாலை இப்ப ஒருத்தருக்கும் இடமில்லை. உம்மடை பிள்ளைக்கே இன்னும் மருந்து மிச்சம் கிடக்கு, தெரியுமோ? ஒரு தரம் குடுத்தால் காணாது."

தெரியும். ஒருமுறை கொடுத்த மருந்து அரைக் கதவு பூட்டினதுபோல என்று அவரே முன்பு சொன்னவர். நான் வாசலில் நின்று யோசித்தேன். எதிரே மீன் விற்கிற கொட்டில் தெரிந்தது. கிடுகுக் கூரை, நாலு பக்கமும் திறந்த இடம். துடக்கு வீட்டு ஆம்பிளைகள் பிடித்த மீனை அதே கொட்டிலில்தான் எல்லா ஊர்ச் சனமும் வந்து வாங்கியது. கொண்டுபோய்க் கழுவி, குழம்பு வைத்துச் சாப்பிட்டது. அந்த மீனுக்குத் துடக்கு உண்டோ என்று ஒருவரும் ஒருநாளும் மனேச்சரிடம் போய்க் கேட்டதில்லை.

"இடம் நான் தாறன், மிஸ்" என்றேன்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முதல்நாள் இவரும் தம்பிமாரும் கொட்டிலைக் கடல்தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவினார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு மேசை வந்தது. மணம் போகவில்லை, போகவும் போகாது. மற்ற ஊர்ப் பெண்கள் வருவார்களோ என்று மருத்துவமாது றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தார்கள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, செதிலில் கால் படாமல் குதி உயர்த்தி நடந்து வந்தார்கள். அன்றைக்குச் சிரித்த பெண் முதலாவதாக வந்தாள். கடைசியாக, முகம் தெரியாமல் குடையை நல்லாய்ப் பதித்துப் பிடித்தபடி, மனேச்சரின் மருமகள் தன் பிள்ளையோடு வந்தாள். வாங்கில் தள்ளியிருந்து இடம் கொடுத்தேன். போகும்போது அரைக் கிலோ இறாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

துடக்கும் வந்தது, கிளினிக்கும் நடந்தது. பிறந்தாலும் செத்தாலும் எங்கள் பிள்ளைகள் மருந்து குடித்தார்கள். என் மகனும் தவணை தவறாமல் குடித்தான். மாமி கனநாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் விடியப் பிள்ளையைப் பாயில் இருந்து தூக்கும்போது முதலில் அவனுடைய வலக்கையை மேலே உயர்த்தி, விட்டுப் பார்ப்பார். நானும் அவர் காணாத நேரம் அதையே செய்வேன்.

ஒரு வருஷம் கழிய அந்தப் பெரிய ஐயா மறுபடி வந்தார். இப்போது முகம் மலர்ந்திருந்தது. கடற்கரைத் துண்டில் பிள்ளைகள் நல்லாய் மருந்து எடுக்கிறார்களாம். "இப்பதான் உங்கடை சனத்துக்கு விழிப்பு வந்திருக்கு" என்றார்.

"எங்களுக்கு ஒரு விழிப்பும் வரேல்லை, ஐயா" என்றேன். "நாங்கள் அப்பவும் முழிச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள். மேசைதான் இடம் மாறினது."

அவர் லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாளும் வந்தது. பிறப்புப் பத்திரம் கையில் இருந்தாலும் அந்தக் காலத்துத் தலைமை வாத்தியார்கள் பிள்ளையின் காதைத்தான் நம்பினார்கள். வலக்கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய் இடக்காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளிக்கூடத்துக்கு வளர்ந்தாயிற்று. தொடாவிட்டால் அடுத்த வருஷம். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போனேன். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன், வீட்டில் விட்டால் கடலுக்கு ஓடுகிற வயது.

எங்களுக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் காதைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். மகளின் முறை வந்தது.

"காதைத் தொடு, பிள்ளை" என்றார் தலைமை வாத்தியார்.

அவள் இடக்கையை உயர்த்தினாள்.

"அதாலை இல்லை. வலக்கையாலை."

அவள் கேட்டதைச் செய்கிற பிள்ளை. தோளை உந்தினாள். உடம்பு முழுவதும் ஒரு பக்கம் சரிந்தது. கை நெஞ்சு வரைக்கும் வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. பின்னால் நின்ற பெண்கள் "பாவம்" என்றார்கள். தலைமை வாத்தியார் கையைப் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்த்த மாதிரியே, என் முகத்தைப் பார்த்தார்.

"சேர், காது ரண்டு பக்கமும் இருக்கு" என்றேன். "இடக்கையாலை தொடட்டும்."

"அப்பிடிச் செய்யேலாது, தங்கச்சி. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

"முறை பாத்துத்தான், சேர், இந்தக் கை போனது."

நான் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பறை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும், உள்ளே இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். தலைமை வாத்தியார் பேனையைத் திறந்தபடி இருந்தார். மகள் எங்கள் இருவருக்காகவும் காத்து நிற்கவில்லை. இடக்கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய் வலக்காதைப் பிடித்தாள். தொடவில்லை, இறுக்கிப் பிடித்தாள். அன்றைக்குப் பென்சிலைப் பிடித்ததுபோலவே, விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றாள். காது சிவந்துவிட்டது.

"சரி, சரி, விடு" என்றார் அவர். பெயரைக் கேட்டு எழுதினார்.

அப்போதுதான் பின்னால் சிரிப்புக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். என் கையை விட்டு இறங்கி நின்ற மகன், அக்கா செய்ததைப் பார்த்துத் தானும் காதைத் தொட வெளிக்கிட்டிருந்தான். வலக்கைதான். அது நேரே மேலே போய், தலைக்கு மேலால் வளைந்து, மற்றப் பக்கத்து மயிரைத் தடவிக்கொண்டு நின்றது. காதுக்கு எட்டவில்லை. எட்டுகிற வயதும் இல்லை.

"உனக்கு எட்டாது, போ" என்று அக்காக்காரி சிரித்தாள். "நீ இன்னும் வளர வேணும்."

மற்றவர்களும் சிரித்தார்கள். எட்டாத கையைப் பார்த்துச் சிரித்தார்கள். மேலே போன கையை அங்கே நின்றவர்களில் நான் ஒருத்திதான் பார்த்தேன்.

மகளை வகுப்பில் விட்டுவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஒழுங்கைக்குத் திரும்பும் வழி முழுக்க அவன் அந்தக் கையைத் தலைக்கு மேல் போட்டபடியே நடந்தான். படலையில் மாமி நின்றார். கையை இறக்கடா என்று மாமியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.